பிறந்தது ஒன்பது, தங்கியது ஐந்து

தாஜ்மகாலைப் பற்றி நம் எல்லோருக்கும் தெரிந்த கதை ஒன்றுதான், ஷாஜகான் தன் மனைவிமேல் வைத்திருந்த காதல். மும்தாஜ் எப்படி இறந்தார் என்பதும் பலருக்குத் தெரிந்திருக்கும்: 1631 ஜூன் மாதம், புர்ஹான்பூரில், 14வது பிரசவத்தில். ஆனால் அந்த 14 குழந்தைகளில் 7 பேர் சிறு வயதிலேயே போய்விட்டார்கள் என்பதை எத்தனை பேர் கவனித்திருப்போம்? அன்றைய உலகத்தின் மிகப் பெரிய பணக்காரக் குடும்பங்களில் அது ஒன்று. ஹகீம்கள், தாதிமார்கள், மருந்துகள், நல்ல சாப்பாடு என்று எதற்கும் குறைவில்லை. இருந்தும் பாதிக்குப் பாதி மண்ணுக்குள் போயின.

முகலாயர் வீட்டுக்கு மட்டும் வந்த துயரம் இல்லை இது. இங்கிலாந்தின் ஆன் ராணி 1684 முதல் 1700 வரை 17 முறை கருவுற்றார். பெரும்பாலானவை வயிற்றிலேயே கலைந்தன அல்லது இறந்தே பிறந்தன, உயிரோடு பிறந்தவற்றில் ஒரே ஒரு மகன்தான் சில ஆண்டுகள் வளர்ந்தான், அவனும் 11 வயதில் இறந்தான். ஆபிரகாம் லிங்கனுக்கு நான்கு மகன்கள். ஒருவன் 3 வயதில், ஒருவன் அப்பா அமெரிக்க அதிபராக வெள்ளை மாளிகையில் இருக்கும்போதே 11 வயதில், இன்னொருவன் 18 வயதில் போனார்கள். பெரியவனாக வாழ்ந்தது ஒருவர் மட்டும். நம் கும்பகோணத்துக்கு வாருங்கள். அங்கே வளர்ந்த கணித மேதை ராமானுஜன் 1887இல் ஈரோட்டில் பிறந்தார். அடுத்துப் பிறந்த தம்பி சடகோபன் மூன்று மாதம்கூட இருக்கவில்லை. 1889 டிசம்பரில் ராமானுஜனுக்கே பெரியம்மை போட்டது, பிழைத்துக்கொண்டார். அந்தச் சமயத்தில் தஞ்சாவூர் மாவட்டத்தில் பெரியம்மையில் போனவர்கள் ஏறக்குறைய 4,000 பேர். அதன் பிறகு 1891இலும் 1894இலும் அவர் அம்மாவுக்குப் பிறந்த இரண்டு குழந்தைகளும் ஒரு வயதை எட்டவில்லை. அந்த டிசம்பரில் அம்மை கொஞ்சம் வேறு மாதிரித் திரும்பியிருந்தால் அந்தக் கணிதம் முழுவதும் இரண்டு வயதுக் குழந்தையோடு புதைந்துபோயிருக்கும்.

பழைய கல்லறைப் பதிவுகள், தேவாலயக் குறிப்பேடுகள், எலும்புகள், இன்றும் வேட்டையாடி வாழும் சமூகங்கள் என்று கிடைத்த எல்லாவற்றையும் திரட்டிப் பார்த்த ஆய்வாளர்கள் ஏறக்குறைய ஒரே முடிவுக்குத்தான் வருகிறார்கள். எந்தக் கண்டமாக இருந்தாலும், எந்த நூற்றாண்டாக இருந்தாலும், பிறந்த குழந்தைகளில் நான்கில் ஒன்று முதல் வயதுக்குள் இறந்தது, பாதிக்குக் கொஞ்சம் குறைவானவை பெரியவர்கள் ஆகும் முன்பே இறந்தன. ராஜ்யங்கள் மாறின, மதங்கள் மாறின, எழுத்தும் அச்சும் துப்பாக்கியும் வந்தன. இந்த ஒரு கணக்கு மட்டும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அசையவில்லை.

இன்று உலகத்தில் பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஐந்து வயதுக்குள் இறப்பவை 37. இது 2022ஆம் ஆண்டுக்கு ஐ.நா. அமைப்புகள் சொல்லும் கணக்கு. 1990இல் இது 93 ஆக இருந்தது. இந்தியாவில் அதே 1990இல் சுமார் 127, 2022இல் 29. அதாவது இன்றைய இந்தியக் குழந்தை உலக சராசரியைவிட அதிகம் பிழைக்கிறது. நான் படித்த புள்ளிவிவரங்களில் இதைவிடப் பெரிய ஒன்றை இதுவரை பார்க்கவில்லை. நிலவில் கால் வைத்ததோ கைபேசி வந்ததோ இதற்குப் பக்கத்தில்கூட வராது என்றுதான் நினைக்கிறேன்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட்டு மேலே போகலாம். சுதந்திரம் வாங்கிய காலத்தில் இந்தியர்களின் சராசரி ஆயுள் 32 ஆண்டுகள் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். உடனே, அந்தக் காலத்து மனிதர்கள் எல்லாம் முப்பது முப்பத்தைந்தில் கிழவர்களாகிச் செத்தார்கள் என்று ஒரு படம் மனதில் வந்துவிடும். அப்படி இல்லை. ஒரு வீட்டில் நான்கு பிள்ளைகள், இரண்டு பேர் கைக்குழந்தையாகவே போகிறார்கள், மற்ற இரண்டு பேர் 65 வயது வரை இருக்கிறார்கள் என்றால் சராசரி 33க்குள் வந்து நின்றுவிடும். 33 வயதில் அந்த வீட்டில் ஒருவரும் சாகவில்லை. அந்த 32 என்ற எண்ணுக்குள் இருப்பது பெரும்பாலும் குழந்தைகளின் சாவு. இந்தியர்களின் சராசரி ஆயுள் இன்று 70க்கு வந்திருக்கிறது என்றால் அதில் பெரும்பங்கு தொட்டிலில் நடந்த மாற்றம்.

என் அப்பத்தா சிவகங்கைப் பக்கம். "பெத்தது ஒன்பது, தங்குனது அஞ்சு" என்பார், விதைத்த கணக்கும் விளைந்த கணக்கும் சொல்கிற மாதிரி. கொஞ்சம் வயது வந்த பிறகு மற்ற நான்கு பேரைப் பற்றி நானாகக் கேட்டேன். ஒன்று பிறந்த ஏழாம் நாள் பால் குடிக்க மாட்டாமல், வாய் இறுகி, உடம்பு வில்லாக வளைந்து போனது. தோஷம் என்று சொன்னார்கள். ஒன்று நடை பழகும் வயதில் வாந்தி பேதியில். ஒன்று மணல்வாரி அம்மை போட்டு, அம்மை இறங்கிய பிறகு மூச்சு வாங்கி. நான்காவது எதனால் என்று அவருக்கே தெரியவில்லை, ராத்திரி நன்றாகத்தான் தூங்கியது என்று மட்டும் சொன்னார். "அழலையா அப்பத்தா?" என்று கேட்டதற்கு, "அழுது எந்திரிக்கறதுக்குள்ள அடுத்தது பாலுக்கு அழும்யா" என்றார். அதற்கு மேல் கேட்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பேதியில் போன மகளின் பெயரை மட்டும் அவர் கடைசி வரை மறக்கவில்லை, வீட்டில் யாருக்கும் அந்தப் பெயரை வைக்கவும் விடவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கணக்கு இருக்கும், கேட்டுப் பாருங்கள். முந்தைய பிள்ளைகள் வரிசையாக இறந்துபோன வீட்டில் அடுத்த பிள்ளையைக் குப்பை மேட்டில் உருட்டி எடுப்பதும், அக்கம்பக்கத்தில் தவிட்டுக்கு விற்றுத் திரும்ப வாங்குவதும், மூக்குக் குத்திவிடுவதும் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருந்த வழக்கம். யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று எமனை நம்பவைக்கத்தான் அத்தனையும். குப்புசாமி, குப்பம்மாள், பிச்சை, மூக்கன், மூக்காயி என்று தாத்தா பாட்டி தலைமுறையில் நாம் கேட்ட பெயர்களில் பலவும் அந்தப் பயத்திலிருந்து வந்தவை. இன்று பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயர்கள் அநேகமாக இல்லை. நாகரிகம் மாறியது ஒரு காரணம்தான், ஆனால் எமனை ஏமாற்றியாக வேண்டிய நிலை பெரும்பாலான வீடுகளில் இல்லாமல் போனதும் சேர்ந்துதான் அது நடந்தது.

இவ்வளவு பெரிய விஷயம் நடந்தும் நமக்குத் தெரியவில்லை என்பதுதான் எனக்கு அடுத்த ஆச்சரியம். ஸ்வீடன் மருத்துவர் ஹான்ஸ் ரோஸ்லிங் இதையே வேலையாக எடுத்துக்கொண்டவர் (இளம் வயதில் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் கொஞ்ச காலம் படித்தவர், இந்திய மாணவர்களின் படிப்பைப் பார்த்து அசந்துபோனதாகச் சொல்லியிருக்கிறார்). அவர் தொடங்கிய கேப்மைண்டர் அமைப்பு 2017இல் 14 நாடுகளில் சுமார் 12,000 பேரிடம் சில கேள்விகள் கேட்டது. அதில் ஒன்று: உலகில் ஒரு வயதுக் குழந்தைகளில் எத்தனை சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு தடுப்பூசியாவது போடப்பட்டிருக்கிறது, 20ஆ, 50ஆ, 80ஆ? சரியான விடை 80. அதைச் சொன்னவர்கள் 100க்கு 13 பேர். கண்ணை மூடிக்கொண்டு சீட்டு எடுத்திருந்தாலே 33 பேர் சரியாகச் சொல்லியிருப்பார்கள். அப்படியென்றால் இது வெறும் தெரியாமை இல்லை, தவறாகத் தெரிந்துவைத்திருப்பது. எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் இதே கேள்வியைப் போட்டுப் பார்த்தேன். படித்தவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள், எல்லோரும் 20 அல்லது 50. அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் சித்தி மகள் மட்டும், "80க்கு மேல இருக்கும்ணே, இது என்ன கேள்வி" என்று சொன்னாள்.

ஏன் தெரியவில்லை? ஊடகங்கள் கெட்ட செய்தியைத்தான் போடும் என்று பொதுவாகச் சொல்வார்கள், உண்மைதான், ஆனால் அது மட்டும் போதாது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு குழந்தை இறந்தால் அதற்குப் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, அழுகிற அம்மா இருக்கிறார். இறக்காமல் போன குழந்தை யார் என்று யாராலும் விரல் நீட்டிக் காட்ட முடியாது. 1995இல் பிறந்து, தடுப்பூசி இல்லாவிட்டால் தட்டம்மையில் போயிருக்க வேண்டிய ஒரு பெண் இன்று கோயம்புத்தூரில் ஏதோ ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கும் தெரியாது, அவள் அம்மாவுக்கும் தெரியாது, ஊசி போட்ட நர்ஸுக்கும் தெரியாது. 1990இல் உலகில் ஐந்து வயதுக்குள் இறந்தவர்கள் 1 கோடியே 28 லட்சம், 2022இல் 49 லட்சம். நடுவில் இருக்கும் 79 லட்சம் பேருக்கு முகம் இல்லை. ஆனால் அத்தனை பேரும் இருக்கிறார்கள், பள்ளிக்கூடம் போகிறார்கள், சண்டை போடுகிறார்கள்.

இதையெல்லாம் யார் செய்தது, எப்படிச் செய்தார்கள் என்று தேட ஆரம்பித்தால், பெரிய பெரிய இயந்திரங்களையும் விலை உயர்ந்த மருந்துகளையும் விட உப்பும் சர்க்கரையும்தான் முதலில் வந்து நிற்கின்றன.

1971. வங்கதேச விடுதலைப் போர். ஏறக்குறைய ஒரு கோடி அகதிகள் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் வந்தார்கள். மேற்கு வங்காளத்தின் பன்காவ் ஊரில் இருந்த முகாமில் காலரா. திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் கல்கத்தாவிலிருந்து அங்கே அனுப்பப்பட்டார். மருத்துவமனையில் கட்டில் போதவில்லை, நோயாளிகள் தரையில் தங்கள் வாந்தியிலும் பேதியிலுமே கிடந்தார்கள், ஊசி போட அவர் அந்த ஈரத்திலேயே மண்டியிட வேண்டியிருந்தது. காலராவுக்கு அன்றைக்கு ஒரே வழி நரம்பில் சலைன் ஏற்றுவது. சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன, ஏற்றத் தெரிந்த ஆட்களும் போதவில்லை.

குளுக்கோஸ் கூட இருந்தால் குடல் உப்பையும் அதோடு தண்ணீரையும் உறிஞ்சிக்கொள்ளும், காலரா வந்த குடலில்கூட இந்த வழி அடைபடாது என்பது அதற்கு முந்தைய பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்குள் ஆய்வுக்கூடங்களில் தெரிந்துவிட்டது. கல்கத்தாவிலும் டாக்காவிலும் மருத்துவமனைக்குள் வைத்து முயன்றும் பார்த்திருந்தார்கள். ஆனால் மருத்துவர் பக்கத்தில் இல்லாமல், வீட்டு ஆட்களே கரைத்துக் கொடுப்பதை மருத்துவ உலகம் ஒப்புக்கொள்ளவில்லை. மகலனாபிஸுக்கு வேறு வழி இருக்கவில்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. கல்கத்தாவில் எடை போட்டுப் பைகளில் அடைத்து முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே டிரம்களில் கரைத்து வைத்தார்கள். அம்மாக்கள், அண்ணன்கள், பாட்டிகள் குவளையில் பிடித்துப் போய் நோயாளிக்கு மடக்கு மடக்காகக் கொடுத்தார்கள். முகாம்களில் 30 சதவீதம் வரை இருந்த இறப்பு அவர் பொறுப்பில் இருந்த முகாமில் 3.6 சதவீதமாக இறங்கியது.

1978இல் இங்கிலாந்தின் லான்செட் மருத்துவ இதழ், குளுக்கோஸ் உப்பு உறிஞ்சலுக்கு உதவுகிறது என்ற கண்டுபிடிப்பு இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று எழுதியது. பென்சிலின் கண்டுபிடித்த அதே நூற்றாண்டைத்தான் சொல்கிறார்கள். மகலனாபிஸ் 2022 அக்டோபரில் காலமானார். பத்ம விபூஷண் 2023இல், அவர் போன பிறகு வந்தது. அவர் உயிரோடு இருந்தவரை தெருவில் போகும் பத்துப் பேரிடம் கேட்டிருந்தால் ஒருவருக்காவது அவர் பெயர் தெரிந்திருக்குமா? எனக்கு அது ஆறவே இல்லை.

அந்த அகதிகள் திரும்பிப் போன நாட்டில் நடந்தது இன்னும் அழகு. வங்கதேசத்தின் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1980இலிருந்து பத்தாண்டுகள் நாடு முழுக்க வீடு வீடாகப் பெண்களை அனுப்பியது. பாக்கெட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், வீட்டில் இருப்பதை வைத்தே செய்யலாம் என்று மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். அளவு தப்பினால் ஆபத்து, அதனால் அந்த அம்மாவையே செய்யச் சொல்லிப் பார்த்தார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்தது சம்பளக் கணக்கு. சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு எத்தனை வீடு போனாள் என்று பார்த்துக் கூலி கொடுக்கவில்லை. சில வாரம் கழித்து வேறொருவர் போய், அந்த வீட்டு அம்மாவுக்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று சோதிப்பார், அதைப் பொறுத்துத்தான் கூலி. அப்படி ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போனார்கள். 1980 வாக்கில் உலகில் ஆண்டுக்கு 40 லட்சத்துக்கும் மேலான குழந்தைகள் பேதியில் இறந்துகொண்டிருந்தன, இப்போது நான்கரை லட்சத்தை ஒட்டி இருக்கிறது.

தடுப்பூசியைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருப்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். தட்டம்மைக்கு 1963இல் தடுப்பூசி வரும் முன் அந்த ஒரு நோயில் மட்டும் ஆண்டுக்கு 26 லட்சம் பேர் இறந்தார்கள், 2022இல் 1,36,000. பெரியம்மை 1974இல்கூட பீகாரையும் சுற்றியிருந்த மாநிலங்களையும் வாரிப் போட்டது, அடுத்த ஆண்டு மே மாதத்தோடு இந்தியாவிலிருந்தும், 1977இல் சோமாலியாவோடு உலகத்திலிருந்தும் போய்விட்டது. என் அப்பத்தாவின் ஏழாம் நாள் குழந்தைக்கு வந்தது தோஷம் இல்லை, டெட்டனஸ். தொப்புள் கொடியை அறுத்த அரிவாளில் இருந்து வருவது. 1988இல் உலகம் முழுக்க 7,87,000 பச்சிளங்குழந்தைகள் அதில் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. கர்ப்பிணிகளுக்கு டிடி ஊசி, சுத்தமான பிளேடு, மருத்துவமனைப் பிரசவம், இவ்வளவுதான் தேவைப்பட்டது. 2015இல் இந்தியா அதையும் ஒழித்ததாக அறிவிக்கப்பட்டது. அப்பத்தா காலத்தில் அந்தக் குழந்தையை எத்தனை சாமிக்கு நேர்ந்துகொண்டார்களோ.

ஆனால் ஊசியும் உப்புத் தண்ணீரும் குழந்தைக்குப் போய்ச் சேர வேண்டுமே. அங்கேதான் இன்னொரு புள்ளிவிவரம் வருகிறது. 1970 முதல் 2009 வரை உலகில் குறைந்த குழந்தை இறப்புகளில் பாதிக்குக் காரணம் பெண்கள் படித்ததுதான் என்று 2010இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. அம்மா பள்ளிக்கூடத்தில் கழித்த ஒவ்வொரு ஆண்டும் குழந்தைக்கு ஆயுள் கூட்டுகிறது. அங்கே அவள் நோய்களைப் பற்றிப் பெரிதாகப் படித்திருக்க மாட்டாள். ஆனால் படித்தவள், குழந்தைக்கு உடம்பு சுட்டால் மாமியாரின் உத்தரவுக்குக் காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறுகிறாள், மருத்துவரிடம் திரும்பக் கேள்வி கேட்கிறாள், சீட்டில் எழுதியதைப் படிக்கிறாள். என் அப்பத்தாவுக்குப் பேருந்துப் பலகை படிக்கத் தெரியாது. பேதியில் போன பிள்ளைக்கு அப்போது தண்ணீரே கொடுக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்களாம், அவர் கொடுக்கவில்லை. பல ஊர்களில் அப்போது அதுதான் வழக்கம்.

தமிழ்நாட்டில் 1971இல் ஒரு வயதுக்குள் இறந்த குழந்தைகள் ஆயிரத்துக்கு 113, 2020இல் 13. இன்று நூற்றுக்கு 99க்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில்தான். வண்டியோ ஸ்கூட்டியோ எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகும் கிராம சுகாதார செவிலியர்கள், இரவிலும் திறந்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், மருந்துத் தட்டுப்பாடு வராமல் பார்த்துக்கொள்ளும் மருத்துவப் பணிகள் கழகம், சத்துணவு, முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவி, எல்லாம் சேர்ந்து செய்தது இது. பெருமைப்படலாம். கூடவே, இதே மாநிலத்தில்தான் உசிலம்பட்டியிலும் சேலம், தர்மபுரிப் பக்கத்திலும் பிறந்த பெண் குழந்தைகளைக் கொன்றார்கள் என்பதையும், 1992இல் அரசு மருத்துவமனை வாசல்களில் தொட்டில் வைக்க வேண்டி வந்தது என்பதையும் விட்டுவிடக் கூடாது. மருத்துவம் காப்பாற்றத் தயாராக இருந்த குழந்தையை வீடு விடவில்லை. சராசரியை மட்டும் பார்த்தால் அந்தக் குழந்தைகள் தெரிய மாட்டார்கள், ஆண் பெண் என்று பிரித்து எண்ணியதால்தான் தெரிந்தார்கள்.

பிரித்துப் பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. அதே 2020இல் கேரளத்தில் ஆயிரத்துக்கு 6. அமெரிக்காவில் 5.4. கேரளத்தைவிடப் பல மடங்கு பணக்கார நாடு அது, மருத்துவத்துக்கு உலகத்திலேயே அதிகம் செலவழிக்கும் நாடு. மத்தியப் பிரதேசத்தில் 43. திருவனந்தபுரத்தில் ஏறினால் கேரளா எக்ஸ்பிரஸ் போபால் வழியாகத்தான் டெல்லிக்குப் போகிறது. ஒரே ரயில், ஒரே நாடு, ஒரே சட்டம், ஆனால் வழியில் ஒரு குழந்தையின் சாவுக்கான வாய்ப்பு ஏழு மடங்கு ஏறிவிடுகிறது. இதைச் சகித்துக்கொண்டு எப்படி இருக்கிறோம்?

சரி, இத்தனை குழந்தைகளைக் காப்பாற்றினால் மக்கள்தொகை வெடித்துவிடாதா என்று ஒரு கேள்வி எப்போதும் வரும். படித்தவர்களே கேட்பார்கள், கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டு. நடந்தது நேர் எதிர். 1971இல் வங்கதேசத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஏழு குழந்தைகள் வரை, இன்று இரண்டை ஒட்டி. தமிழ்நாட்டில் 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 1.8, இந்தியாவுக்கே 2.0. தென்கொரியா 2023இல் 0.72க்குப் போய், பிள்ளைகளே பிறக்கவில்லையே என்று கவலைப்படுகிறது. அப்பத்தா ஒன்பது பெற்றது ஆசைக்கு இல்லை. எது நிற்கும் எது போகும் என்று தெரியாததால் பெற்றார். பெற்றது எல்லாம் நிற்கும் என்ற நம்பிக்கை வந்ததும், படிப்பும் கருத்தடை வசதியும் சேர்ந்ததும், ஒரு தலைமுறை இரண்டு தலைமுறைக்குள் குடும்பங்கள் தாமாகவே சுருங்கின. நேரம் கொஞ்சம் பிடிக்கும், அந்த இடைவெளியில் மக்கள்தொகை ஏறும், உண்மை. ஆனால் குழந்தைகள் சாவதால் எந்த நாட்டிலும் கூட்டம் குறைந்துவிடவில்லை, அதிகம் சாகும் நாடுகளில்தான் இன்றும் அதிகம் பிறக்கின்றன.

மிச்சம் இருப்பதற்கு வருவோம். 2022இல் இறந்த அந்த 49 லட்சம் குழந்தைகளில் 23 லட்சம் பேர் பிறந்த 28 நாட்களுக்குள் இறந்தவர்கள். இவர்களைத்தான் காப்பாற்றவே முடியாது என்று வெகுகாலம் நினைத்தார்கள், விலை உயர்ந்த கருவி இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது என்று. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதி 1990களில் கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். குழந்தையை எடை போட, கதகதப்பாக வைக்க, மூச்சை எண்ண, கிருமித்தொற்று என்று தெரிந்தால் ஊசி போட. மூன்று ஆண்டுகளில் அந்த ஊர்களில் பச்சிளங்குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 62இலிருந்து 26க்கு இறங்கியது, பயிற்சி இல்லாத பக்கத்து ஊர்களில் அசையவே இல்லை. கொலம்பியாவின் பொகோட்டாவில் 1978இல் இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில், குறைமாதக் குழந்தைகளை அம்மாவின் வெற்று மார்பிலேயே கட்டி வைத்தார்கள். கங்காரு முறை என்று இன்று எல்லோரும் சொல்வது அதுதான். இந்தியாவிலும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளிலும் நடந்து 2021இல் முடிவு வெளியான பெரிய ஆய்வில், எடை குறைந்த குழந்தையைப் பிறந்த உடனேயே அப்படி வைத்ததால் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்தது. அம்மாவின் உடம்புச் சூடு, அவ்வளவே. ஆனால் அம்மாவைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் விடாத மருத்துவமனைகள் இன்னும் இருக்கின்றன.

பின்னுக்குப் போவதும் நடக்கும். 2000இல் தட்டம்மையை ஒழித்துவிட்டதாக அறிவித்த அமெரிக்காவில், 2025இல் டெக்சாஸ் மாநிலத்தில் அது பரவித் தடுப்பூசி போடாத இரண்டு குழந்தைகள் இறந்தன. அதே ஆண்டு ஏழை நாடுகளின் தடுப்பூசிக்கும் மலேரியாவுக்கும் பணம் கொடுத்துவந்த யுஎஸ்எய்ட் அமைப்பை அந்த நாடு மூடிவிட்டது. உலகில் பிறக்கும் குழந்தைகளில் சுமார் 30 சதவீதம் சகாராவுக்குத் தெற்கே இருக்கும் ஆப்பிரிக்காவில் பிறக்கின்றன, ஐந்து வயதுக்குள் இறப்பவர்களில் 57 சதவீதம் அங்கே. அந்தப் பணம் நின்றால் முதலில் அடி விழுவது அங்கேதான்.

நம் வீட்டுப் பக்கமும் முடிந்துவிடவில்லை. அதே 2019-21 கணக்கெடுப்பில், பேதி வந்த இந்தியக் குழந்தைகளில் ஓஆர்எஸ் என்ற அந்த உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுக்கப்பட்டவர்கள் 100க்கு 61 பேர்தான். பன்காவ் முகாம் முடிந்து 50 ஆண்டுகள் ஆன பிறகு. போதாததற்கு, ஓஆர்எஸ் என்று பெரிய எழுத்தில் பெயர் போட்டு, சர்க்கரையை அள்ளிக் கொட்டிய பழச்சாறு டப்பாக்கள் பல ஆண்டுகள் மருந்துக்கடையிலேயே விற்றன, பேதிக்கு அதைக் கொடுத்தால் பேதி கூடும். குழந்தை மருத்துவர் ஒருவர் வருடக்கணக்கில் போராடியதன் பிறகு, 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. பழைய சரக்கு எங்காவது இன்னும் அடுக்கில் இருக்கலாம். வாங்கும்போது பாக்கெட்டில் உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று இருக்கிறதா பாருங்கள்: லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சோடியம் சிட்ரேட். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் கேட்டால் இலவசமாகவே தருவார்கள். கைக்குழந்தை இருக்கும் வீடு என்றால் இரண்டு பாக்கெட் இன்றைக்கே வாங்கி வைத்துவிடுங்கள், ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும், பாதி பாதியாகக் கரைக்கக் கூடாது என்பதைக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கும் சொல்லி வையுங்கள்.